ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். பெட்டியின் மேல் 5000 என்றோ 10000 என்றோ பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் படம் போட்டால், சண்டைக் காட்சியில் பரணில் உள்ள பாத்திரம் எல்லாம் அதிரும். அடுத்த காட்சியில் அம்மாவும் மகளும் பேசிக் கொள்வது காதில் விழாது. பேச்சு வந்தால் வால்யூமை ஏற்றுவதும் பாட்டு வந்தால் இறக்குவதுமாக ரிமோட் கையை விட்டுப் போகாது. வீட்டில் உள்ள பெரியவர்கள், "சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல" என்பார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகு டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே சீரியல் பார்க்கும் வீடுகள் நிறைய உண்டு.

காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தறி போடுவதற்காகக் கட்டிய கூடம் நீளமாக இருக்கும், அகலம் குறைவு. பகலில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நம் வீட்டுக்கு வரும். இரவில் தெரு அடங்கிய பிறகு நம் வீட்டு சப்வூஃபர் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் சரி, 10 அடி அகல ஹாலும் ஒட்டுச் சுவரும் இருந்தால் இதே கணக்குதான்.

குழாய் ஸ்பீக்கரும் வீட்டு ஸ்பீக்கரும்

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மைக் செட்காரர்கள் கட்டி வந்த கூம்புக் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு குழாய்க்கு 30 அல்லது 40 வாட்ஸ்தான் கொடுப்பார்கள். அது தெருக்கோடி வரை கேட்கும். உங்கள் வீட்டில் உள்ள "5000 வாட்ஸ்" செட்டை வாசலில் வைத்து முழு வால்யூமில் பாட விட்டாலும் நாலு வீடு தாண்டினால் தேய்ந்துவிடும். ஏன்?

காரணம் சென்சிடிவிட்டி. ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் மின்சக்தி கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதே அந்த ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. அலமாரியில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் இது 84 முதல் 88 டெசிபல் வரை இருக்கும். நல்ல டவர் ஸ்பீக்கர் 90ஐத் தொடும், சில தாண்டும். கூம்புக் குழாய் 105க்கு மேல் போகும். அதனால்தான் குறைந்த வாட்ஸில் ஊரையே எழுப்புகிறது. (இனிமை என்று கேட்காதீர்கள், அது வேறு விஷயம்.)

இதோடு மூன்று கணக்குகளை மனதில் வைத்துக் கொண்டால் போதும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது.

இப்போது 10 அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் கூடத்துக்கு வருவோம். 10 அடி என்பது ஏறக்குறைய 3 மீட்டர். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் உங்கள் காதில் 78 டெசிபலாவது விழும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவுதான். அதாவது வசனம் முழுவதையும் 1 வாட்டுக்கும் குறைவான சக்தியில் தெளிவாகக் கேட்டுவிடலாம்! வெடிகுண்டும் மேளமும் திடீரென வரும்போதுதான் கூடுதல் வாட்ஸ் வேண்டும். 50 வாட்ஸ் கொடுத்தால் 17 டெசிபல் கூடி, 95 டெசிபல் கிடைக்கும். அந்தக் கூடத்தில் அது காதைப் பொத்த வைக்கும் சத்தம். 50க்குப் பதில் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல். அதே பணத்தை 90 டெசிபல் ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலும் அதே 3 டெசிபல் கிடைக்கும். நல்ல ஸ்பீக்கர் என்றால் ஒலியின் தரமும் கூடவே வரும்.

எனவே பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். கடைக்காரர் எதிர்மாறாகச் சொல்வார்.

ஸ்டிக்கர் வாட்ஸ், உண்மை வாட்ஸ்

பெட்டியில் "பிஎம்பிஓ" என்று சிறிய எழுத்தில் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கண் இமைக்கும் நேரத்தில் வரக்கூடிய உச்ச சக்தி என்று சொல்லி, எல்லா சேனல்களையும் கூட்டி, அதன் மேல் கற்பனையையும் கூட்டிப் போடும் எண் அது. இப்படித்தான் அளக்க வேண்டும் என்ற பொது விதி எதுவும் அதற்குக் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக் கூடிய சக்தி.

ஆர்எம்எஸ் என்று போட்டிருந்தாலும் நிபந்தனையைப் படியுங்கள். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல் இயங்கும்போது, 0.08 சதவீத டிஸ்டார்ஷன்" என்று இருந்தால் அது நேர்மையான எண். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன்" என்று இருந்தால், அதே ஆம்ப்ளிஃபயரை வேறு அளவுகோலால் அளந்து எண்ணைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்பது காதுக்கே தெரியும் கரகரப்பு.

எதுவும் புரியவில்லையா? செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அது மின்சாரத்திலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்று போட்டிருக்கும். முன்னால் 4000 என்று ஒட்டிய செட்டின் பின்னால் 60 வாட்ஸ் என்று இருந்தால், 60 எடுத்து 4000 கொடுக்கும் இயந்திரம் உலகில் இல்லை. வெப்பமாக வீணாவது போக, ஸ்பீக்கர்களுக்குத் தொடர்ந்து போய்ச் சேருவது 40 வாட்ஸ் அளவுதான் இருக்கும்.

அசெம்பிள்டு செட் வாங்கலாமா?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட் எல்லாம் வாங்கி வந்து, உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொள்வது நம் தமிழ்நாட்டில் பல காலமாக உள்ள பழக்கம். குறைந்த செலவு. பழுதானால் ஊரிலேயே சரி செய்யலாம். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எத்தனை வாட்ஸ் என்பதை மெக்கானிக்கிடம் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம்.

எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. உதாரணத்துக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக் கொள்ளுங்கள். 12 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். டயோடிலும் ஐசியிலும் இழப்பது போக ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்சம் 14 வோல்ட் என்று வைப்போம். 14ஐ 14ஆல் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 196ஐ 16ஆல் வகுத்தால் கிடைப்பது 12 வாட்ஸ். அவ்வளவுதான். ஐந்து சேனலுக்கும் சேர்த்து 60 வாட்ஸ். கேபினெட்டில் என்ன எழுதியிருந்தாலும் இதற்கு மேல் வராது. இதுபோன்ற செட்களில் காலங்காலமாகப் போடப்படும் டிடிஏ 2030 ஐசியே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 14 வாட்ஸ் கொடுக்கும் என்றுதான் அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் செட்களில் வரும் எல்ஏ 4440 இரண்டு சேனலுக்கும் தலா 6 வாட்ஸ்.

24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உச்சம் 30 வோல்ட் அளவு கிடைக்கும். அதே கணக்கில் சேனலுக்கு 56 வாட்ஸ். மெக்கானிக்குகள் "5200-1943" என்று சொல்லும் டிரான்சிஸ்டர் ஜோடி இந்த அளவை எளிதாகத் தாங்கும், அசலாக இருந்தால். இந்த எண்களில் போலிகள் அதிகம். டிரான்ஸ்ஃபார்மரின் ஆம்பியரையும் கேளுங்கள். 24-0-24, 3 ஆம்பியர் என்றால் மொத்தமே 144 விஏ. அதை வைத்து ஐந்து சேனலிலும் 56 வாட்ஸ் வாங்க முடியாது.

12 வாட்ஸ்தானா என்று சோர்ந்துவிட வேண்டாம். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு உண்மையான 12 வாட்ஸ் கொடுத்தால் நம் 10 அடி தூரத்தில் 91 டெசிபல் வருகிறது. குடும்பமாகப் படம் பார்க்க அது தாராளம். ஆபத்து எங்கே வருகிறது என்றால், 12 வாட்ஸ் செட்டை 1000 வாட்ஸ் என்று நம்பி வால்யூமை முழுவதும் திருகும்போதுதான். சக்தி தீர்ந்ததும் ஒலி அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் ஒலி அதிகமாகி ட்வீட்டர் எரியும். "100 வாட்ஸ் ஸ்பீக்கர், சின்ன ஆம்ப்தானே போட்டேன், எப்படி எரிந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஓம் விஷயத்திலும் கவனம் வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் இணையாகக் கொடுத்தால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் குறைந்தது 6 ஓம் கேட்டால் அது சூடாகி நிற்கும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும். மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று ஸ்பீக்கரைப் பெருக்குகிறவர்கள் இதைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பேச்சு எங்கிருந்து வருகிறது?

1995ல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் முறையில் வெளியான முதல் இந்தியப் படம். 2012ல் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸில் வந்தது. இப்படிப் பல சேனல்களில் ஒலி அமைக்கும் படங்களில் வசனத்தின் பெரும்பகுதி ஒரே சேனலில் இருக்கிறது: நடுவில் உள்ள சென்டர். மற்றதெல்லாம் இசையும் இரைச்சலும்தான்.

மலிவான 5.1 செட்களில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே மாதிரி 3 அங்குலப் பெட்டியாக இருக்கும். சப்வூஃபர் மட்டும் பெரியது. அதனால்தான் பேச்சு அமுங்கிப் போகிறது. க, ச, த போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கின்றன. வயது ஏற ஏறக் காது இழப்பதும் உயர் ஒலிகளைத்தான். பக்கத்து வீட்டில் நாடா ஓடி, பலகை அடிக்கும் சத்தமும் சேர்ந்தால் பெரியவர்களுக்கு வசனம் புரியாதது இயற்கையே.

ஆகவே செலவை எங்கே குறைத்தாலும் சென்டர் ஸ்பீக்கரில் குறைக்காதீர்கள். இடது, வலது ஸ்பீக்கர்களின் அதே கம்பெனி, அதே வரிசையில் உள்ள சென்டரை வாங்குங்கள். இல்லையென்றால் கதாநாயகன் நடந்து போகும்போது அவர் குரலே மாறும். டிவிக்கு நேர் கீழே, காது உயரத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். ஷோகேஸ் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் குடத்துக்குள் பேசுவது போல் இருக்கும், விளிம்பு வரை முன்னால் இழுங்கள். பிறகு செட்டிங்கில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். "நைட் மோட்" என்று இருந்தால் அது பெரிய சத்தத்தைக் குறைத்து, சிறிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். இரவுக்கு அதுதான் சரி.

எம்ஜிஆர், சிவாஜி காலத்துப் படங்களில் பெரும்பாலும் மோனோ ஒலிதான். அவற்றுக்கு சர்ரவுண்ட் எஃபெக்டைப் போட்டால் வசனம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். அணைத்துவிடுங்கள்.

நீளக் கூடத்தில் எதை எங்கே வைப்பது?

டிவியும் முன் ஸ்பீக்கர்களும் குறுகிய சுவரில் இருக்கட்டும். இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், உங்கள் தலை மூன்றும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும். 10 அடி அகலத்தில் ஸ்பீக்கர்களுக்கு இடையே 7 அடி விட்டால், 7 முதல் 9 அடி தள்ளி உட்காரலாம். 20 அடி நீளம் இருக்கிறதே என்று பின்சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள். சுவரை ஒட்டினால் பேஸ் திமுதிமு என்று கூடிவிடும்.

அந்தத் திமுதிமுவுக்கும் கணக்கு உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்வரும்போது சில அதிர்வெண்கள் மட்டும் பெருகும். 10 அடி இடைவெளிக்கு அது 56 ஹெர்ட்ஸ், 20 அடிக்கு 28 ஹெர்ட்ஸ். அகலமும் 10 அடி, கான்கிரீட் கூரையின் உயரமும் 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். புதிதாகத் தளம் போட்ட வீடுகளில் ஒரே ஒரு பேஸ் ஸ்வரம் மட்டும் காதைக் குத்துவது இதனால்தான். பழைய சாய்வு ஓட்டு வீட்டில் இது குறைவு. கூரை சாய்ந்திருக்கிறது, ஓட்டு இடுக்கு வழியே பேஸ் வெளியேறியும் விடுகிறது. பதிலுக்கு ஓடு கிடுகிடுக்கும்.

எதிரொலியைக் குறைக்கச் சுவரில் பட்டுத்துணி தொங்கவிடலாமா என்றால், பட்டு ஊரில் இருந்தாலும் அது வீண். மெல்லிய துணி மிக உயர்ந்த ஒலியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். கனமான பருத்தித் திரையை மடிப்பு மடிப்பாக விடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. அதிகச் செலவில்லாத வைத்தியம்.

சர்ரவுண்ட் ஸ்பீக்கர்கள் உங்களுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், காதுக்கு மேலே ஓரிரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் நம் கூடங்களில் வாசலிலிருந்து சமையல்கட்டுக்குப் போகும் வழியே அதுதான். ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் தறி அல்லது பீரோ. இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் மாட்ட இடம் இல்லையென்றால் சர்ரவுண்டையே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், மட்டமான ஐந்து ஸ்பீக்கரைவிட நல்ல மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் மேல். ஏவி ரிசீவரில் சர்ரவுண்ட் "இல்லை" என்று அமைத்தால் அந்தச் சேனல்களின் ஒலியை முன் ஸ்பீக்கர்களில் கலந்து கொடுத்துவிடும், எதுவும் தொலையாது.

சப்வூஃபரும் ஒட்டுச் சுவரும்

9 அங்குலச் செங்கல் சுவர் பேச்சை நன்றாகத் தடுக்கும். பேஸை அப்படித் தடுக்காது. சுவரின் கனத்தை வைத்துப் போடும் கணக்கில், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் தடுக்கும் திறன் 6 டெசிபல் குறையும். 500 ஹெர்ட்ஸுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் இடையே சுமார் 20 டெசிபல் வித்தியாசம். உங்கள் வீட்டு வசனம் பக்கத்து வீட்டுக்குப் போகாது, "டம் டம்" மட்டும் போகும். விடியற்காலையில் பாவு ஓட்டவோ தறியில் உட்காரவோ எழ வேண்டியவர்கள் அங்கே தூங்குகிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல், பகலில் 55.

இதற்குச் சுலபமான வழி, சப்வூஃபரை உங்கள் சோஃபாவுக்கு அருகில், இரண்டு மூன்று அடிக்குள் வைப்பது. அருகில் இருப்பதால் கெயினை வெகுவாகக் குறைக்கலாம். உங்களுக்குக் கேட்கும் பேஸ் அதே, சுவருக்குப் போவது குறைவு. ஒட்டுச் சுவரையும் மூலையையும் தவிர்த்து, அடியில் தடித்த ரப்பரோ ஸ்பாஞ்சோ கொடுங்கள். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். இந்தக் கூடத்துக்கு 8 அல்லது 10 அங்குல சப்வூஃபர் போதும். பயன்படாத தறிக்குழிக்குள் இறக்கி வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். குழியின் ஈரம் காகிதக் கோனைக் கெடுத்துவிடும், வேண்டாம்.

கம்ப்யூட்டரிலிருந்தும் டிவியிலிருந்தும் இணைப்பது

அசெம்பிள்டு 5.1 செட்களின் பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள் இருக்கும். பல சேனல் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் டிவிடி பிளேயர்கள் இருந்த காலத்தில் வந்த அமைப்பு இது. டிவியில் உள்ள ஹெட்போன் அவுட்டை இதில் கொடுத்தால் வருவது வெறும் ஸ்டீரியோ. செட் அதை ஐந்தாகப் பிரதி எடுக்கும், அவ்வளவுதான். டிவியின் ஆப்டிகல் அல்லது ஏஆர்சி வழியாக வரும் டால்பி டிஜிட்டலைப் பிரிக்க நடுவில் ஒரு டால்பி டிகோடர் வேண்டும். ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கித் தருவதாக விற்கும் சின்னப் பெட்டிகள் பலவும் ஸ்டீரியோ பிசிஎம் மட்டுமே அறிந்தவை. டிவி செட்டிங்கில் பிசிஎம் என்று மாற்றவில்லை என்றால் சத்தமே வராது.

வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருந்தால் உங்களுக்கு யோகம்தான். ஆறு துளை உள்ள மதர்போர்டில் பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும், கருப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு. மூன்று துளை மட்டும் இருந்தால் சவுண்ட் டிரைவரில் 5.1 என்று மாற்றியதும் இளஞ்சிவப்பு சென்டராகவும் நீலம் பின் ஸ்பீக்கராகவும் மாறும். 3.5 மி.மீ. பின்னிலிருந்து இரண்டு ஆர்சிஏ வரும் கேபிள் மூன்று வாங்கினால் வேலை முடிந்தது. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், பிளேபேக், கான்ஃபிகர் என்று போய் 5.1 தேர்ந்தெடுத்து டெஸ்ட் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும். சென்டரும் சப்வூஃபரும் இடம் மாறிக் கேட்டால் அந்த இரண்டு ஆர்சிஏ பின்களையும் மாற்றிச் செருகுங்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு விலை உயர்ந்த பெயர் எதுவும் தேவையில்லை. வீட்டு வயரிங் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 10 மீட்டர் வரை போதும், அதற்கு மேல் 2.5 வாங்குங்கள். சிவப்பு, கருப்பு முனைகள் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அலையும்.

எல்லாம் மாட்டிய பிறகு "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வரலாம். கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த வயர் வழியாக வேறு எர்த் நுழைகிறது என்று பொருள், கேபிள்காரரிடம் ஐசொலேட்டர் கேட்டு வாங்கிப் போடுங்கள். நிற்கவில்லையா? கம்ப்யூட்டர், டிவி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு இரைச்சல் போய்விட்டது என்பார்கள். இரைச்சல் போகும்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் கசிவு வந்தால் இரும்பு கேபினெட்டைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.